நாலாம் நம்பர் மலையில் களை முளைக்காத பதின்மூன்று வாரங்கள்

யட்டவத்த,
12 மார்ச் 2006, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி.

என் மகன் தம்பிக்கு,

இம்மாதம் மூன்றாம் திகதி நீ எழுதிய கடிதம் ஏழாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணித் தபாலில் வந்து சேர்ந்தது. வந்த கடிதத்துக்கு வந்த நாளிலேயே பதில் எழுதுகிறவன் நான் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை ஐந்து நாள் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் வலிகூடக் குறைந்திருக்கிறது. எழுத வேண்டியதை எழுதுவதற்கு மனத்தைத் திரட்ட ஐந்து நாள் பிடித்தது, அவ்வளவுதான்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீ எழுதியிருப்பதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன், பின்னால் எனக்கும் உனக்கும் இடையில் எந்தக் குழப்பமும் வராதிருக்க: “நாவுலப் பக்கத்து விவசாயிகள் இருபத்திரண்டு பேர் இந்தச் சிறுபோகத்தில் கடையில் வாங்கும் களைக்கொல்லி மருந்தை விட்டுவிட்டு நமது கராம்பு எண்ணெய்க் கரைசலுக்கு மாறச் சம்மதித்திருக்கிறார்கள். 25ஆம் திகதி சனிக்கிழமை கூட்டம். ஒரு முறை அடித்தால் போதும், அதன்பின் களைக்குக் கை வைக்கவே தேவையில்லை என்று அவர்களுக்கு உறுதி கொடுக்கப் போகிறேன். அப்பாவின் பதின்மூன்று வாரக் குறிப்புத்தான் என் சாட்சி.”

அந்த உறுதியைக் கொடுக்காதே. அந்தச் சாட்சி பொய்ச்சாட்சி. பொய் என்று தெரிந்து நான் அதை எழுதவில்லை. ஆனால் பொய் என்று தெரிந்த பிறகும் பதினைந்து வருடமாக உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். இருபத்திரண்டு குடும்பங்கள் உன் வாய்ச்சொல்லை நம்பிப் பெரிய வெங்காயம் நடப் போகின்றன. வெங்காயம் களையோடு போட்டி போடத் தெரியாத பயிர். மூன்றாம் வாரம் கோரை தலை தூக்கும்போது யாரும் தயாராக இல்லாவிட்டால் அந்தப் போகம் போய்விடும். போகம் போனவர்கள் மறுபடியும் கடை மருந்துக்குத்தான் போவார்கள்; அடுத்து யார் வந்து எந்த இலைச்சாற்றைப் பற்றிப் பேசினாலும் காது கொடுக்க மாட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, கராம்பு எண்ணெயே வேலை செய்யாது என்று நீ முடிவு கட்டிவிடக் கூடாது. அது வேலை செய்யும். அறுபத்தெட்டு வயதில், இரண்டு ஏக்கர் மிளகுத் தோட்டத்தில் ஒரு சொட்டுக் கடை மருந்து படாமல் பதினைந்து வருடம் நடத்தியவனாகச் சொல்கிறேன். எதை அது செய்யும், எதை அது செய்யாது என்பதுதான் பேச்சு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் 1986ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது உனக்கு எட்டு வயது. நாம் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதைக்குக் கீழே இருந்த தோட்டத்தில் இருந்தோம். நான் கணக்கப்பிள்ளை ஆகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. நான் கணக்கப்பிள்ளை ஆன பிறகும் உன் அம்மா மலை வேலையை விடவில்லை. கொழுந்துக் காலத்தில் கொழுந்தும், மற்ற நாட்களில் புல்வெட்டு வேலையும் அவளுக்கு இருந்தன. மலை ஊற்றிலிருந்து நமது லயத்துக்குத் தண்ணீர் வந்த பீலி உனக்கு நினைவிருக்கும். அந்தப் பீலிக்கு நேர் மேலே இருந்ததுதான் நாலாம் நம்பர் மலை. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நட்டு அப்போது இரண்டு வருடம். கன்றுகள் ஒன்றையொன்று தொடாத வயதில் இடையில் கிடக்கும் வெறும் நிலம் முழுவதும் களைக்குத்தான் சொந்தம். எட்டுப் பெண்கள் புல் சுரண்டியோடு ஒரு பக்கம் முடித்து மறு பக்கம் போவதற்குள் முதல் பக்கம் பச்சையாகிவிடும்.

ஜனவரி மாதக் கடைசியில் பெரிய தொரை அந்த மலைக்குப் புல்லு மருந்து அடிக்கப் போவதாகச் சொன்னார். மற்றப் பிரிவில் ஏற்கனவே அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மருந்துப் பம்பு முதுகில் சுமந்தவர்களில் உன் தாய்மாமாவும் ஒருவர். அவருடைய பெருவிரல் நகங்கள் முதலில் மஞ்சளாகி, பிறகு வெள்ளைக் கோடு விழுந்து, பிறகு கழன்று விழுந்தன. சோறு பிசையும்போது சாம்பார் பட்டால் அவர் கையை உதறுவதைப் பார்த்து நீ சிரித்திருக்கிறாய், காரணம் உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரியும். தொரை சொன்னதை நான் வீட்டில் வந்து சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்விதான்: “மேல அடிக்கிறது மழை பேஞ்சா எங்கங்க வரும்?”

எங்கே வரும் என்பது எனக்கும் தெரிந்தது.

கீழ்ப் பிரிவில் கராம்பு மரங்கள் இருந்தன, இலையிலிருந்து எண்ணெய் வடிக்கும் சிறிய கொட்டகையும் இருந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் மாத்தளை டவுனில் கடைகள் எரிந்த பிறகு, எண்ணெய் வாங்க வந்துகொண்டிருந்த வியாபாரி திரும்பி வரவே இல்லை. எண்ணெய் பீப்பாயில் அப்படியே கிடந்தது. கொட்டகைக்குப் பின்னால், வடித்த தண்ணீரை வழக்கமாக ஊற்றும் இடத்தில், ஒரு புல்கூட முளைக்காததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தும் யோசிக்காதவன், உன் அம்மாவின் கேள்விக்குப் பிறகு யோசித்தேன். பெப்ரவரி 3ஆம் திகதி, திங்கட்கிழமை, காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பின் தொரையிடம் போய்ச் சொன்னேன். அவர் சிங்களவர், தோட்டத் தமிழ் நம்மைப் போலவே பேசுவார்.

“கணக்கப்பிள்ளை, கறிக்குப் போடுற சாமான போயி புல்லுக்கு அடிக்கிறதா? புல்லு என்னா, மணமா செத்துப் போகுமா?”

“ஐயா, மூணு மாசம் தாங்க. நாலாம் நம்பர்ல மட்டும்.”

“தர்றேன். மூணு மாசம் கழிச்சு நானே வந்து பாப்பேன். புல்லு தல தூக்குனா அடுத்த நாளு மருந்து ஏறும். அப்புறம் எங்கிட்ட பீலி, கீலின்னு வரப்படாது.”

ஒரு போத்தல் எண்ணெய்க்குப் பன்னிரண்டு போத்தல் தண்ணீர். எண்ணெயும் தண்ணீரும் சேராது. அதனால் பாதிக் கட்டி உடுப்புச் சவர்க்காரத்தைச் சீவி வெந்நீரில் கரைத்து, அதில் எண்ணெயை ஊற்றிப் பால் போல வரும்வரை அடித்து, பிறகுதான் மிச்சத் தண்ணீர். தேயிலைக் கன்றில் பட்டால் அதுவும் கருகும் என்பதை முதல் நாளே இரண்டு கன்றைப் பலி கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பிஸ்கட் டின் ஒன்றின் அடியை வெட்டி எடுத்துப் பம்பின் வாயில் கவிழ்த்துக் கட்டினேன். கரைசல் டின் மூடிய வட்டத்துக்கு வெளியே போகாது. பெப்ரவரி 10, திங்கட்கிழமை, பத்து மணி வெயிலில் அடித்தேன். அந்த எட்டுப் பெண்களையும் மூன்று மாதத்துக்குக் கொழுந்துக்கு அனுப்பிவிட்டேன். மாலைக்குள் களை துவண்டது. மூன்றாம் நாள் மலை முழுவதும் கபில நிறம். எனக்கு உண்டான பெருமையை நான் எழுதத் தேவையில்லை. அந்தக் குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நான் போட்டிருக்கும் இரட்டை அடிக்கோட்டை நீயே பார்த்திருக்கிறாய்.

அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஏழரை மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஏழேகாலுக்கும் அல்ல, ஏழே முக்காலுக்கும் அல்ல. ஒரே நேரத்தில் பார்த்தால்தான் ஒரு வாரத்தை மறு வாரத்தோடு ஒப்பிட முடியும் என்பது என் கொள்கை. இரண்டாம் வாரம்: புதிய முளை இல்லை. மூன்றாம் வாரம்: இல்லை. நான்காம் வாரம்: கருகிய இலைகள் அப்படியே கிடக்கின்றன, முளை இல்லை. பதின்மூன்று வாரமும் ‘இல்லை’ என்றே எழுதியிருக்கிறேன். நீ அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது என் கையெழுத்தின் ஒழுங்கைப் பாராட்டினாய். அந்த நாட்களில் நான் உன் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்பதும் உன் நினைவில் இருக்கலாம். ஞாயிறு மாலை சோறு பரிமாறும்போது அவள் நகக்கண்ணில் மண் இருந்தது. “விறகு பொறுக்கப் போனவள் நகத்தில் இவ்வளவு மண் எப்படி வரும்? கையைக் கழுவத் தெரியாதா?” என்று கேட்டேன். அவள் எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தாள். மூன்று மாதத்தில் எத்தனை தடவை அப்படிக் கேட்டேன் என்பதை மட்டும் நான் குறித்து வைக்கவில்லை.

மே 12, திங்கட்கிழமை, தொரை வந்தார். வரிசை வரிசையாக நடந்தார். குனிந்து ஓர் இடத்தில் மண்ணைக் கிளறிப் பார்த்தார். நிமிர்ந்து என் தோளில் தட்டி, “சரி, ஒன் கறிச் சாமான் ஜெயிச்சிருச்சு” என்றார். மருந்து நாலாம் நம்பருக்கு வராது என்று அங்கேயே நின்று சொன்னார். அதோடு நான் நின்றிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை. 14ஆம் திகதி, புதன்கிழமை, யாரும் கேட்காமலே ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அதன் கடைசி வரி எனக்கு இன்றும் மனப்பாடம்: ‘இம்மலையில் கைக் களையெடுப்பு இனித் தேவையற்றது, எட்டுப் பெண்களில் ஆறு பேரை வேறு மலைக்கு மாற்றலாம்.’

ஆறு பேரையும் மாற்றினார்கள். உச்சி மலைக்கு. ரிவர்ஸ்டன் பக்கத்துப் பனி மதியம் வரை விலகாத இடம். லயத்திலிருந்து இரண்டு மைல் ஏற்றம். உன் அம்மாவும் அந்த ஆறு பேரில் ஒருத்தி. கணக்கப்பிள்ளை பெண்சாதிக்குச் சலுகை காட்டினான் என்ற பேச்சு வரக் கூடாது என்று நானே அவள் பெயரை முதலில் எழுதினேன். இன்னொருத்தி பூவாயி அக்கா. நமது லயத்தின் கடைசி அறையில் இருந்தவர், உனக்குக் கொய்யாப்பழம் கொண்டுவந்து தருபவர். ஜூலை 24, வியாழக்கிழமை, காலைப் பனியில் உச்சி மலைப் படியில் சறுக்கி விழுந்து அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டது சரியாகப் பொருந்தாமல் கை சற்றே வளைந்து கூடியது. அதன்பின் அவரால் முன்போலக் கொழுந்து எடுக்க முடியவில்லை. ‘பாவம், வழுக்கிவிட்டது’ என்று நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 8ஆம் திகதி நாலாம் நம்பர் மலை பச்சையாக இருந்தது. கோரை, அறுகு, இலுக்கு எல்லாம் பழையபடி. எண்ணெயை ஜூன் மாதமும் ஓகஸ்ட் மாதமும் மறுபடி அடித்திருந்தேன். மேலே கருகியதே தவிர, பத்துப் பதினைந்து நாளில் மீண்டது. மழையின் மேல் பழி போட்டேன். பீப்பாயில் எண்ணெய் பழசாகிவிட்டது என்றேன். சவர்க்காரம் மட்டமானது என்றேன். நல்லவேளையாக அப்போது தொரைக்கு வேறு தொல்லைகள் இருந்தன. மருந்து அடிப்பதற்குப் பதில் ஆறு பேரையும் திருப்பி அனுப்பினார். பூவாயி அக்காவோடு சேர்த்து எண்ணினால் ஐந்தே கால் பேர் என்று உன் அம்மா அன்று சொன்னாள். அது எனக்கு அப்போது வேடிக்கைப் பேச்சாகத்தான் கேட்டது.

இனி 1991. தோட்டத்திலிருந்து விலகி இந்த யட்டவத்த நிலத்துக்கு வந்த வருடம். ஜூன் 15, சனிக்கிழமை, மிளகுக் கொடிகளுக்கு இடையில் முதன்முதலாகக் கரைசலை அடித்தேன். அளவு, சவர்க்காரம், வெயில், டின் மூடி அத்தனையும் 1986 பெப்ரவரியில் செய்தபடியே. எண்ணெய் புதியது. பதினேழாம் நாள், ஜூலை 2, செவ்வாய்க்கிழமை, கோரை விரல் உயரம் நின்றது. நான் குறிப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்று சத்தம் போட்டேன்: எண்ணெய் வடித்தவன் ஏமாற்றிவிட்டான், நாளைக்கே போய்க் கேட்கப் போகிறேன் என்று. உன் அம்மா அப்போது மிளகு காய வைத்துக்கொண்டிருந்தாள். கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“அந்த மனுசன் மேல ஏங்க பழி போடுறீங்க? எண்ணெ நல்ல எண்ணெதான்.”

“அப்படியானால் நாலாம் நம்பரில் ஏன் பதின்மூன்று வாரம் முளைக்கவில்லை?”

“மொளைக்காம என்னா? மொளைச்சிச்சு. நாங்க புடுங்குனோம்.”

அவள் சொல்லத் தொடங்கியதும் நிறுத்தவில்லை. ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்த சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை விறகுக்குப் போகும் வழியில் பூவாயி அக்காதான் முதலில் பார்த்தாராம். அவர்கள் அன்று பேசிக்கொண்டதை உன் அம்மா இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினாள்.

“ஏண்டி லெச்சுமி, ஒன் புருசன் மருந்து வேரத் தொடவே இல்லியே. மேல மட்டுந்தான் கருகிக் கெடக்கு.”

“சத்தம் போடாதக்கா. தொரை பாத்தா பீலித் தண்ணியில வெஷம் எறங்கிரும்.”

“அப்ப என்னா செய்யிறது?”

“ஞாயித்துக்கெழம வெறகுக்கு வாறோம்ல? வரிசைக்கு ஒருத்தி எறங்குனா முடிஞ்சிரும்.”

“கணக்கப்பிள்ள கண்ணுல பட்டா?”

“அவரா? திங்கக்கெழம ஏழரைக்குத்தான் அவரு வருவாரு. அதுக்கு முன்னாடி சாமியே வந்து கையப் புடிச்சு இழுத்தாலும் வரமாட்டாரு.”

எட்டுப் பெண்களும் அப்படியே செய்திருக்கிறார்கள். சுரண்டியால் கொத்தினால் மண் கலைந்தது தெரியும் என்று, உடைந்த குடைக் கம்பியை மண்ணில் இறக்கி வேரோடு நெம்பி எடுத்தார்கள். எடுத்ததை விறகுக் கட்டுக்குள் செருகிக் கொண்டுபோய் ஓடைக்கு அப்பால் வீசினார்கள். கிளறிய இடத்தை உள்ளங்கையால் தட்டிச் சமன்படுத்தி, கருகிக் கிடந்த பழைய இலைகளை மறுபடி அதன்மேல் பரப்பினார்கள். மறுநாள் ஏழரைக்கு நான் போய் ‘முளை இல்லை’ என்று எழுதினேன். என் ஒழுங்கை நம்பித்தான் அவர்கள் என்னை ஏமாற்றினார்கள். வேறு எந்தக் கணக்கப்பிள்ளையாக இருந்தாலும் ஒரு ஞாயிறாவது, ஒரு புதனாவது தற்செயலாக அந்தப் பக்கம் போயிருப்பான்.

“அறிக்கை எழுதி உங்களை உச்சி மலைக்கு அனுப்பியபோதாவது சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொன்னா நீங்க தொரைக்கிட்ட போயி உண்மையச் சொல்லுவீங்க. சொல்லாம இருக்க ஒங்களுக்குத் தெரியாது. அப்புறம் பீலிக்கு மேல பம்பு ஏறியிருக்கும். நாங்க நடந்தா கால்தான் வலிக்கும்னு நெனைச்சோம். பூவாயி அக்கா விழும்னு யாரு கண்டா?”

நான் ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. வெட்கத்தில் பேசவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை, மீதி கோபம். எட்டுப் பெண்கள் செய்த வேலையை என் எண்ணெயின் பெயரில் எழுதி, அந்த எழுத்தை வைத்தே அவர்களின் வேலையைத் தேவையற்றது என்று வெட்டியிருந்தேன். பத்தாம் நாள், ஜூலை 12, வெள்ளிக்கிழமை, ஒரு குடைக் கம்பியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் மிளகுக் கொடிக்குள் போனேன். எப்படி நெம்புவது என்று கேட்டேன். “மொதல்ல குனியுங்க” என்றாள்.

அன்றிலிருந்து இந்தப் பதினைந்து வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து உறுதிப்படுத்திக்கொண்டதை நீ 25ஆம் திகதி தயங்காமல் சொல்லலாம். விதையிலிருந்து முளைத்து இரண்டு இலை, நான்கு இலை விட்ட இளம் களையைக் கரைசல் முழுமையாகக் கொல்லும். அதற்குப் பிறகு அங்கே கை தேவையில்லை. பனி காய்ந்த பின், நல்ல வெயிலில் அடிக்க வேண்டும். மூட்டத்தில் அடித்தால் எண்ணெய் வீண். ஆனால் கிழங்கிலும் வேரிலும் உயிரை வைத்திருக்கும் கோரை, அறுகு, இலுக்கு ஆகியவை மேலே கருகும், கீழே இருக்கும். பன்னிரண்டாம் நாளுக்கும் பதினேழாம் நாளுக்கும் இடையில் வெளிறிய முளை ஒன்று வரும். அந்த முளையை வெளியே தள்ளுவதற்கே வேர் தன் பலத்தைச் செலவழித்திருக்கும். மண் ஈரமாக இருக்கும் நாளில் நெம்பினால் முழுதாகக் கையோடு வரும். அந்த ஐந்தாறு நாளைத் தவறவிட்டால் வேர் மறுபடி தேறிவிடும். எங்கள் இரண்டு ஏக்கரில் முன்பு ஆறு நாள் பிடித்த களையெடுப்பு இப்போது மூன்று நாளில் முடிகிறது. பாதி வேலை எண்ணெய்க்கு, பாதி வேலை கைக்கு. வெங்காயத்துக்கு, நடுவதற்கு முன் பாத்தியில் இந்தச் சுற்றை இரண்டு தடவை முடித்துக்கொள்ளச் சொல். நட்ட பிறகு பாத்திக்குள் கரைசல் படவே கூடாது, வெங்காயத் தாளும் கருகும்.

இன்னொன்று. இலையிலிருந்து வந்தது, கறிக்குப் போடுவது, ஆகவே தீங்கில்லாதது என்று உன் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அதையும் அடித்துவிடு. கண்ணில் பட்டால் அரை நாள் கண் திறக்க முடியாது, நான் பட்டவன். 2000ஆம் ஆண்டு ஜூன் 16, வெள்ளிக்கிழமை, நீ விவசாயம் படித்துக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு போத்தல் கரைசல் கொண்டுவந்தேனே, அன்று நாவுலைக்கு முன்னால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் பெயர் எழுதாத போத்தல், அதற்குள் வெள்ளையாக ஏதோ திரவம், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். சிப்பாய்ப் பையன் போத்தலைத் தூரப் பிடித்துக்கொண்டு, “மே மொகத்த?” என்றான். இது என்ன என்று கேட்கிறான். கராம்பு எண்ணெய், புல்லுக்கு அடிப்பது என்று சிங்களத்தில் சொன்னேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தவனுடைய முகம் மாறியது. ஒரு கன்னம் வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். விரலில் தொட்டுப் பல்லில் வைக்கப் போனான். “வைக்காதே மகனே, சவர்க்காரம் கலந்திருக்கிறது, வாய் வெந்துவிடும்” என்று நான் கத்திய கத்தலில் மற்றச் சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். பிறகு அந்தப் பையனே சிரித்ததால் தப்பினேன். அன்றிலிருந்து என் வீட்டில் பெயரும் திகதியும் மூன்று மொழியில் எழுதாத போத்தல் கிடையாது. உன் விவசாயிகளின் போத்தல்களும் அப்படியே இருக்கட்டும். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

அந்தப் போத்தலோடு சேர்த்துத்தான் குறிப்புப் புத்தகத்தையும் உன் கையில் கொடுத்தேன். நீ அதைத் திறந்து பார்த்துவிட்டு, “அப்பா, பதின்மூணு வாரம் ஒரு முளைகூட இல்லியா!” என்று கேட்டாய். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல தருணம் எனக்குக் கிடைத்திருக்க முடியாது. நான் தலையை ஆட்டினேன். பொய் சொல்லத் தெரியாதவன் என்று உன் அம்மா என்னைப் பற்றி நினைத்ததை அந்த ஒரு தலையாட்டலில் நான் பொய்யாக்கினேன். உன் கண்ணில் அன்று தெரிந்த மரியாதை எனக்குத் தேவையாக இருந்தது. அதனால் நீ உன் தொழிலின் முதல் கல்லை அந்தப் புத்தகத்தின் மேல் வைப்பாய் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. என்னை மன்னிக்கும்படி கேட்கிறேன். மன்னிப்பதானாலும் இல்லாவிட்டாலும், 25ஆம் திகதிக்கு முன் இதை நீ தெரிந்திருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

உண்மையைச் சொன்னால் இருபத்திரண்டு பேரில் சிலர் எழுந்து போய்விடுவார்கள் என்று நீ பயப்படலாம். போகட்டும். பத்துப் பேர் நின்றாலும் அந்தப் பத்துப் பேருக்குப் பன்னிரண்டாம் நாள் என்ன வரும் என்று தெரிந்திருக்கும். அவர்கள் வயல் சுத்தமாக இருப்பதைப் பார்த்து எழுந்து போனவர்கள் அடுத்த போகத்தில் திரும்பி வருவார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்ணெயின் மேல் அன்று வைத்த நம்பிக்கையைவிட இன்று எனக்கு அதன்மேல் நம்பிக்கை அதிகம். இன்று அதன் அளவு தெரியும்.

இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். பூவாயி அக்கா விழுந்த இடம் வந்தபோது மட்டும் துருவலை நிறுத்தினாள். முடிந்ததும், “இத்தன வருசத்துக்குப் பொறவு இவ்வளவு நீளமா எழுதணுமா? புடுங்கணும்னு ஒரு வரி எழுதுனா அவனுக்கு வெளங்காதா?” என்றாள். பிறகு, “கூட்டத்துக்கு யாரு யாரு வாறாங்களாம்?” என்று கேட்டாள்.

உன் கடிதத்தை எடுத்து அந்தப் பெயர்களை வாசித்தேன். இருபத்திரண்டும் ஆண்களின் பெயர்.

“பாத்திக்குள்ள குனிஞ்சு புடுங்கப் போறது இவங்களா?” என்றாள்.

அவள் மறுபடி துருவத் தொடங்கினாள். துருவிக்கொண்டே சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: “அவன் சொன்னா, நான் நாவுலைக்கு வாறேன். ஆனா அந்த வீட்டுப் பொம்பளைங்கள வரச் சொல்லணும். அவங்க முடியாதுன்னா முடியாது. அவங்களக் கேக்காம எவனும் யாருக்கும் உறுதி குடுக்கப்படாது. ஒங்கப்பா ஒரு தடவ குடுத்தாரு, போதும்.”

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. 25ஆம் திகதிக் கூட்டத்துக்கு அந்த இருபத்திரண்டு வீட்டுப் பெண்களையும் அழை. அழைப்பை ஆண்களிடம் சொல்லி அனுப்பாமல், நீயே ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அவர்களிடம் சொல். உனக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. கரைசல் அடித்துப் பன்னிரண்டு நாளான பாத்தி ஒன்று அன்று அங்கே இருக்க வேண்டும். அதற்கு நாளை, 13ஆம் திகதி, திங்கட்கிழமை, நீ அடித்தாக வேண்டும். தபால் அதற்குள் சேராது என்பதால் இன்று மாலை நான்கு மணிக்குச் சந்திக் கடையிலிருந்து தொலைபேசியில் இதை மட்டும் சொல்லிவிடுவேன். காரணம் இந்தக் கடிதத்தில் வந்து சேரட்டும். நாங்கள் 25ஆம் திகதி காலை ஆறு பத்து பஸ்ஸில் மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து நாவுல பஸ் பிடிப்போம்.

கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிடாதே. உன் அம்மாவைக் கூப்பிடு. அவள் சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவாள். கணக்கப்பிள்ளையின் மனைவி என்றும், உன் தாய் என்றும் அறிமுகம் செய்ய வேண்டாம். நாலாம் நம்பர் மலையில் பதின்மூன்று வாரம் களையை அடக்கிய எட்டுப் பேரில் ஒருவர் என்று சொல். அவள் பாத்தியில் இறங்கிக் காட்டட்டும். அதைப் பார்த்த பெண்கள் சரி என்று சொன்னால், அதன்பின் நீ உன் உறுதியைக் கொடு.

உன் அப்பா